ஜிப்சம் சுவரில் ஏழடிப் புத்தக இறாக்கையை எப்படிப் பிடித்து நிறுத்துவது?

கொக்குவில் வாசகி

வாடகை வீட்டின் மேல்மாடியில் ஒரு பெரிய கூடத்தை மறித்து எங்களுக்கு அறை எடுத்துத் தந்திருக்கிறார்கள். மறிப்பு ஜிப்சம் பலகை. தட்டினால் உடுக்கைபோல ஒலிக்கிறது. அப்பாவின் புத்தகங்களும் கட்டிவைத்த சஞ்சிகைகளும் வைக்க இரண்டு இறாக்கைகள் செய்வித்தேன். ஒவ்வொன்றும் ஏழடி உயரம், மூன்றடி அகலம், ஓரடி ஆழம். மற்றச் சுவர்களை யன்னலும் கதவும் எடுத்துக்கொண்டன, எனவே மறிப்போடுதான் வைக்க வேண்டும்.

வேலைக்கு வந்தவர் பிளாஸ்டிக் ரோல் பிளக் (துளைக்குள் இறுகித் திருகாணியைப் பிடிக்கும் குழாய்) அடித்து, எல் தகடு ஒன்றை முடுக்கிவிட்டுப் போனார். இப்போது தகட்டைக் கையால் இழுத்தாலே பிளக் வெள்ளைத் தூளோடு வெளியே வருகிறது. வீட்டில் நான்கு வயதுப் பையன் இருக்கிறான், எதைக் கண்டாலும் ஏறுவான். இந்தச் சுவர் இவ்வளவு பாரத்தைத் தாங்குமா? அல்லது புத்தகங்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதானா?

சீமெந்துக்கல்

நாலங்குலக் கல்லை அடுக்கிப் பூசியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மாரியில் ஊறும் ஊரில் ஜிப்சத்தை யார் கேட்டார்கள்?

ஓய்வுபெற்ற ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்)

மேலே எழுதியவருக்கு: மேல்மாடிக் கொங்கிறீற் தட்டின் நடுவே, கீழே தாங்கு வளை (பீம்) இல்லாத இடத்தில் கல் மறிப்பு எழுப்பினால் தட்டு வெடிக்கலாம். பாரம் குறைவு என்பதற்காகத்தான் அங்கே ஜிப்சம் போடுகிறார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளை, நீங்கள் கேட்ட கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும். புத்தகப் பாரத்தை உங்கள் சுவர் தாங்கப்போவதில்லை, நிலம்தான் தாங்குகிறது. இறாக்கை முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே சுவரின் வேலை. கணக்கைப் பாருங்கள். ஒரு மீற்றர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் ஏறத்தாழ 30 கிலோ வரும். இறாக்கையில் ஆறு தட்டு என்றால், இறாக்கையையும் சேர்த்து 180 கிலோ என்று வையுங்கள். ஆழம் 30 சென்றிமீற்றர், ஆகவே பாரத்தின் மையம் முன்விளிம்பிலிருந்து 15 சென்றிமீற்றர் உள்ளே நிற்கிறது. உயரம் 210. 180ஐ 15ஆல் பெருக்கி 210ஆல் வகுத்தால் 13 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உச்சியில் அவ்வளவு விசையோடு இழுத்தாலே இறாக்கை சாயத் தொடங்கிவிடும். அதே 13 கிலோவை மேலே பிடித்துக்கொண்டால் சாயாது. பிள்ளைகள் தொங்குவதையும் வெட்டி இழுப்பதையும் நினைத்து அதைப்போலப் பல மடங்குக்குப் பொருத்த வேண்டும். அப்படியும் அது ஒழுங்காகப் பிடித்த ஜிப்சம் சுவரால் முடியாத காரியம் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: வெறும் இறாக்கைதான் அதிக ஆபத்து. அது 35 கிலோ என்றால் உச்சியில் இரண்டரைக் கிலோ இழுவையே போதும். ஆகவே புத்தகம் அடுக்கிவிட்டுப் பிறகு பூட்டலாம் என்று விடாதீர்கள். பூட்டும்வரை பையனை அந்த அறைக்குள் விடவும் வேண்டாம்.

ரொறன்ரோ மாமா

இங்கே எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க இதுதான். பலகைக்குப் பின்னால் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும். அதைத் தேடிப் பிடித்து மூன்றங்குலத் திருகாணியை நேரே ஏற்றிவிடுங்கள். அரை மணித்தியால வேலை.

உரும்பிராய்த் தச்சன்

மாமா, உங்கள் ஊரில் மரம். இங்கே போடும் மறிப்புகளில் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டுச் சட்டம்தான். தகடு அரை மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். அதில் மரத் திருகாணியின் ஒரு புரிதான் கவ்வும். நாலு தரம் ஆட்டினால் ஓட்டை அகன்று கழன்றுவிடும்.

அக்கா, முதலில் சட்டம் எங்கே என்று பாருங்கள். பழைய ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தம் ஒன்றைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்கள். பலகையைச் சட்டத்தோடு பிடித்த திருகாணிகளின் தலையில் காந்தம் ஒட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக நேர்கோட்டில் ஒட்டினால் அதுதான் சட்டம். பதினாறு அங்குலத்துக்கோ இரண்டடிக்கோ ஒன்று வரும். பென்சிலால் நிலத்திலிருந்து கோடு போட்டுவிட்டு எழுதுங்கள்.

கொக்குவில் வாசகி

காந்தம் வேலை செய்தது, நன்றி தம்பி! கோடுகள் இரண்டடிக்கு ஒன்றாக இருக்கின்றன. ஆனால் இறாக்கையின் ஓரங்களோடு ஒன்றுமே பொருந்தவில்லை. ஒரு கோட்டுக்குக் கீழே மின்சாரப் பிளக் பொயின்ற் வேறு. இன்னொரு சிக்கல்: நிலத்தோரத்தில் ஒட்டிய டைல்ஸ் இடிப்பதால் இறாக்கை சுவரோடு ஒட்டி நிற்கவில்லை, அரை அங்குலம் விலகி நிற்கிறது.

உரும்பிராய்த் தச்சன்

இரண்டுக்கும் ஒரே மருந்து. நாலங்குல அகலம், ஓரங்குலத் தடிப்பில் ஒரு பலகை எடுங்கள். இரண்டு இறாக்கைகளின் நீளத்துக்கும் ஒரே பலகையாக, ஆறடி. வேப்பம் பலகை போதும். பனஞ் சலாகை கிடந்தாலும் ஆகும், ஆனால் முன்துளை போடாமல் ஆணி ஏற்றினால் பிளக்கும். பலகையின் பாதி இறாக்கையின் தலைக்கு மேலே தெரியும்படி, நீர்மட்டம் வைத்துச் சுவரில் பூட்ட வேண்டும். அது குறுக்கே மூன்று சட்டங்களையாவது பிடிக்கும். பிறகு இறாக்கையை எந்த இடத்திலும் எல் தகட்டால் பலகையோடு பூட்டலாம். டைல்ஸ் இடைவெளியும் நிரம்பிவிடும், பின்னால் காற்றும் ஓடும்.

பலகையைச் சட்டத்தோடு பிடிக்கத் திருகாணி வேண்டாம், டொகிள் போல்ட் வாங்குங்கள். கடையில் பெயர் புரியாவிட்டால் 'ஸ்பிரிங் சிறகு வைத்த போல்ட்' என்று கேளுங்கள். பலகைக்குள் போல்ட் நுழையும் அளவு துளை, சுவரிலும் சட்டத்தின் தகட்டிலும் மடித்த சிறகு நுழையும் அளவு துளை. பெட்டியில் அளவு எழுதியிருக்கும், அதைவிடப் பெரிதாக்கக் கூடாது. வாஷரையும் பலகையையும் போல்ட்டில் கோத்த பிறகுதான் நுனியில் சிறகைப் பூட்ட வேண்டும். சிறகை உள்ளே விட்டபின் போல்ட்டை உருவினால் அது சுவருக்குள் விழுந்துவிடும், எடுக்க வழியில்லை. சிறகு தகட்டுக்குப் பின்னால் விரிந்ததும் பலகையை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே முடுக்குங்கள். இழுக்காவிட்டால் சிறகும் கூடவே சுற்றும். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும், பலம் காட்டினால் ஜிப்சம் நொறுங்கும்.

எல் தகட்டை இறாக்கையின் மேற்பலகையில், பக்கப்பலகைக்கு அருகே பூட்டுங்கள், ஒன்றுக்கு இரண்டு வீதம். பின்பக்கத்து மெல்லிய பிளைவூட்டில் ஒருபோதும் வேண்டாம், இறாக்கை சாயும்போது அது தனியே கழன்று சுவரோடு நிற்கும். இரண்டு இறாக்கைகளையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்தால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற ரி.ஓ.

தம்பி சொன்னது சரி. இரண்டு விடயம் சேர்க்கிறேன். பிளக் பொயின்றுக்கு வரும் வயர் பெரும்பாலும் அதற்கு நேர் மேலேயோ கீழேயோ, சட்டத்தை ஒட்டியே ஓடும். அந்தச் சட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றில் துளையிடுங்கள். எதில் துளையிட்டாலும் அந்த நேரம் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு பற்றரி டிரில்லைப் பாவியுங்கள்.

மற்றது மேல்மாடித் தட்டு. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையான பாவனைப் பாரத்துக்குத்தான் (ஆட்களும் சாமான்களும்) கணக்கிடுவார்கள். உங்கள் இரண்டு இறாக்கைகளும் ஓரிடத்தில் 360 கிலோ. நல்ல கொங்கிறீற் தட்டு அதைத் தாங்கும். ஆனாலும் மறிப்பின் நடுவில் வைக்காமல், அது கல்சுவரைச் சந்திக்கும் மூலைப்பக்கமாக வையுங்கள். பலகைத் தளம் என்றால் துளையிட முதல் யாராவது நேரில் பார்க்க வேண்டும்.

சீமெந்துக்கல்

மூலையில் கல்சுவர் இருக்கிறது என்றால் பக்கத் தகடு ஒன்றை அதிலும் அடிக்கலாமே. கல்லுக்குத்தான் ரோல் பிளக்.

உரும்பிராய்த் தச்சன்

அடிக்கலாம் அண்ணா, ஆனால் ஆறங்குலக் கல்லும் உள்ளே பொள்ளலாக இருப்பதுண்டு. டிரில்லைச் சுத்தியல் முறையில் வைத்தால் உள்பக்கம் உடைந்து பிளக் சும்மா சுற்றும். சாதாரண சுழற்சியில் மெதுவாகத் துளைக்க வேண்டும்.

கொக்குவில் வாசகி

கொங்கிறீற் தட்டுத்தான் ஐயா. வீட்டுக்காரரிடமும் துளையிடச் சம்மதம் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி. மூலைக்கு அருகே, கூரையோரமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு கறை இருக்கிறது. போன மாரியில் வந்ததாகச் சொல்கிறார்கள். அதன் மேலேயே பலகையைப் பூட்டினால் கறையும் மறைந்துவிடுமா?

ஓய்வுபெற்ற ரி.ஓ.

மறைக்காதீர்கள். ஈரம் குடித்த ஜிப்சத்துக்குப் பிடிமானம் போய்விடும். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பொதபொதத்தாலோ மேற்தாள் உரிந்தாலோ அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுப்பலகை போட வேண்டும். அதற்குமுன் கூரை ஒழுக்கை அடைக்கவேண்டியது வீட்டுக்காரர். ஐப்பசி மழை தொடங்குமுன் அவரைக் கூரையில் ஏற்றிவிடுங்கள். ஒழுக்கு நின்று சுவர் காய்ந்த பிறகு பலகையைப் பூட்டலாம். அதுவரை பையன் ஏறாமல் இருக்க இறாக்கைகளைச் சுவர்ப்பக்கமாகப் படுக்கவைத்து விடுங்கள்.