வீட்டுத் தொழிலுக்குச் சின்ன வேன், 3 லட்சத்துக்குள் எது எடுக்கலாம்? அவசரம்

நைட்_ஷிப்ட்
வணக்கம். அக்கா வீட்டில் தொழில் நன்றாகப் போகிறது, சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும். 3 லட்சம், மிஞ்சிப் போனால் 3.25. பழையது என்றாலும் பரவாயில்லை. மாருதி ஈகோவா, குட்டி யானையா (டாடா ஏஸ்), ஆம்னியா? ஒரு வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார்கள், அதற்குள் சொல்லுங்கள். வேலைக்குக் கிளம்புகிறேன், காலையில் வந்து பார்க்கிறேன்.

லோடுமேன்
என்ன தொழில்? எத்தனை கிலோ ஏறும்? தினமும் எவ்வளவு தூரம்? எந்த ஊர்? பஞ்சு மெத்தை ஏற்றுபவருக்கும் டைல்ஸ் ஏற்றுபவருக்கும் ஒரே வண்டியைச் சொல்ல முடியாது.

ஆம்னி_ரசிகன்
ஆம்னி. யோசிக்கவே வேண்டாம். 796 சிசி, மூன்று சிலிண்டர், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். எங்கள் மளிகைக் கடையில் 2003 மாடல் இன்னும் ஓடுகிறது. மாமாங்கத்துக்கு ஒரு முறை கார்புரேட்டரைத் துடைத்தால் போதும்.

கியர்பாக்ஸ்_மாமா (மூத்த உறுப்பினர்)
டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, மாத்திரை எழுதுங்கள், பஸ் வந்துவிடும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வது போல இருக்கிறது கேள்வி. இந்தப் பகுதியில் எப்படிக் கேட்க வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. ஆம்னி ரசிகருக்கு: ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. இன்று வாங்கினால் அதில் மிகப் புதியதே அந்த வருடத்து வண்டிதான். அதைச் சொல்லாமல் "யோசிக்கவே வேண்டாம்" என்றால் எப்படி?

ஆம்னி_ரசிகன்
உற்பத்தி நின்றால் என்ன, ஸ்பேர் நின்றுவிட்டதா?

கரண்ட்_வண்டி
பெட்ரோல் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். ஏஸ் எலக்ட்ரிக் பாருங்கள். 21.3 கிலோவாட் மணி பேட்டரி, 600 கிலோ ஏற்றலாம், ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்று கம்பெனி கணக்கு. நடைமுறையில் அதைவிடக் குறையும், அது போதும்.

லோடுமேன்
அது வெளிவந்தபோதே விலை 6 லட்சத்துக்கு மேல். அவர் 3 லட்சம் என்கிறார்.

கரண்ட்_வண்டி
லோன் எதற்கு இருக்கிறது?

நைட்_ஷிப்ட்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். இட்லி மாவு அரைத்து விற்கும் தொழில். ஊர் சேலம். காலை 5 மணிக்கு 220 பாக்கெட் போகும், ஒரு பாக்கெட் 1 கிலோ. மாலையில் 100. எல்லாம் பிளாஸ்டிக் டிரேயில். இப்போது லோடு ஆட்டோ வாடகை தினமும் 700 ரூபாய், அதிலும் மழை வந்தால் ஆள் வருவதில்லை. பார்த்து வைத்திருப்பது 2017 ஈகோ கார்கோ, பெட்ரோல், 84,000 கிலோமீட்டர், 2.75 கேட்கிறார்கள். இன்னொன்று 2015 குட்டி யானை, டீசல், 2.20.

லோடுமேன்
இதைத்தான் கேட்டேன். 220 கிலோ மாவு, காலி டிரேக்கள் எல்லாம் சேர்ந்து 20 கிலோ, ஆக 250-ஐத் தாண்டாது. குட்டி யானை 750 கிலோ சுமக்க வந்த வண்டி. உங்கள் மாவு அதற்கு முதுகில் உட்கார்ந்த காக்கை. இரண்டு சிலிண்டர் டீசலின் அதிர்ச்சியில் பாக்கெட் ஓரம் பிரியும், திறந்த பெட்டியில் வெயிலும் தூசியும் வேறு. தார்ப்பாய் போட்டால் உள்ளே அவியும். ஈகோ பக்கம் போங்கள். ஆனால் தொழில் பெருகி ஒரு நாளைக்கு 600 பாக்கெட் ஆனால் என்னைத் திட்டக் கூடாது.

தயிர்க்காரர்
நானும் புளிக்கும் சரக்குதான் ஏற்றுகிறேன், பன்னிரண்டு வருடமாக. ஈகோ மாதிரி இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வேன் எதுவானாலும் ஒன்று கவனியுங்கள். இருக்கைக்கு நேர் பின்னால் தரை சுடும். என் முதல் வேனில் முதல் கோடையில் பின் வரிசைத் தயிர் எல்லாம் கல் மாதிரி, முன் வரிசை மட்டும் கடைசிக் கடைக்குப் போவதற்குள் புளித்து ஏப்பம் விட்டது. கடைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அன்றே ஒரு இஞ்ச் தெர்மாகோல் வாங்கி அதன் மேல் பிளைவுட் அடித்தேன். செலவு 1,100 ரூபாய். மாவுக்கும் அதே கதைதான். முதலில் இறங்கும் கடையின் டிரேயை எஞ்சின் பக்கம் வைக்கவும், கடைசிக் கடையினுடையது பின் கதவோரம்.

வெண்பலகை
கார்கோ எதற்கு? ஐந்து சீட் ஈகோவைத் தனியார் வண்டியாக வெள்ளை போர்டில் எடுங்கள். பின் சீட்டைக் கழற்றி வீட்டில் போடுங்கள். எஃப்சி (தகுதிச் சான்று) கிடையாது, வருடா வருடம் ஆர்டிஓ வாசலில் நிற்க வேண்டாம். எங்கள் தெருவில் நாலு பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

கியர்பாக்ஸ்_மாமா (மூத்த உறுப்பினர்)
அந்த நாலு பேரில் ஒருவர் மோதட்டும், அப்புறம் பேசலாம். தனியார் வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றினால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும். சீட்டைக் கழற்றி ஓட்டுவது பதிவுச் சான்றுக்கு மாறானது. மஞ்சள் போர்டுதான், சரக்கு வாகனப் பாலிசிதான். 2017 வண்டி எட்டு வருடம் தாண்டிவிட்டது, இனி எஃப்சி ஒவ்வொரு வருடமும் எடுக்க வேண்டும். அதற்கு முன் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. இந்தச் செலவைச் சேர்த்துத்தான் 2.75 கணக்கைப் பார்க்க வேண்டும். பெர்மிட் பயம் வேண்டாம், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அப்புறம், ஓட்டப் போகும் உங்கள் மச்சானுக்கு பேட்ஜ் இருக்கிறதா? மஞ்சள் போர்டு ஓட்ட பேட்ஜ் போட்ட லைசென்ஸ் வேண்டும். அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

சட்டம்_படித்தவன்
கடைசி வரி பழைய கதை, மாமா. இலகு ரக வாகன (கார்) லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைத் தனி பேட்ஜ் இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொன்னது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதை எதிர்த்துப் போனதில், 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஈகோ அந்த எடையில் கால்வாசி கூட வராது.

கியர்பாக்ஸ்_மாமா (மூத்த உறுப்பினர்)
தீர்ப்பை லேமினேட் செய்து டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்கு மறிப்பவரிடம் போய் ஐந்து நீதிபதிகள் கதையைச் சொல்லிப் பார்க்கட்டும். நான் இந்தத் துறையில் முப்பது வருடம் இருக்கிறேன்.

சட்டம்_படித்தவன்
முப்பது வருடம் இருப்பதால் 2024 நடக்காமல் போய்விடாது.

வெண்பலகை
இதற்குத்தான் வெள்ளை போர்டு என்றேன்.

லோடுமேன்
மூவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஆள் ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். தம்பி, சேலம் டவுனுக்குள் மட்டும்தானா? யார் ஓட்டுகிறார்?

நைட்_ஷிப்ட்
அக்காதான் ஓட்டுவார். மச்சானுக்கு சைக்கிளோடு சரி, மாவு அரைப்பது அவர் பொறுப்பு. அக்காவிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது, ஆறு வருடமாக ஓட்டுகிறார். டவுனில் அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, சூரமங்கலம். செவ்வாய், வெள்ளி மட்டும் ஏற்காடு. மேலே ஆறு ஓட்டலுக்கு 80 பாக்கெட். சொல்ல மறந்துவிட்டேன்.

லோடுமேன்
ஏற்காட்டை மறந்துவிட்டாரா! 20 கொண்டை ஊசி வளைவு ஐயா அது.

கேஸ்_மீட்டர்
நானும் இப்போதுதான் சிஎன்ஜி மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். மலை என்றால் வாபஸ். புது ஈகோவில் பெட்ரோலுக்கு 81 குதிரைத்திறன் என்றால் கேஸில் 72 தான், சிலிண்டர் எடை வேறு. 80 பாக்கெட்டுக்கு அது ஏறாமல் நிற்காது, ஆனால் பெட்ரோலில் மூன்றாவது கியரில் போகும் இடத்தில் இரண்டாவது கியர் கேட்கும். டவுன் மட்டும் என்றால் என் ஓட்டு இன்னும் கேஸுக்குத்தான்.

மலைப்பாதை
வாரம் நான்கு நாள் ஏற்காடு ஏறி இறங்குகிறேன், காய்கறி வண்டி. ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இறங்குவதில்தான் சூட்சுமம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கீழே அடிவாரம் வருவதற்குள் கருகிய வாடை அடிக்கும், அதற்கு அப்புறம் மிதித்தால் பிடிக்காது. வாங்கும் வண்டி எதுவானாலும் பின் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். ஈகோ பின் சக்கர இழுவை, மழையில் காலியாக ஏறினால் வளைவில் வால் லேசாக ஆடும். பின்னால் சரக்கு இருந்தால் அடங்கிவிடும்.

இன்னொன்று. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். புளிக்கிற மாவு ஏற்கெனவே காற்று விடும். அக்கா பாக்கெட்டில் காற்று வைத்து ஒட்டினால் பதினைந்தாவது வளைவில் ஒன்றிரண்டு வாய் திறக்கும். காற்றை அழுத்தி எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

ஆம்னி_ரசிகன்
ஆம்னியும் ஏற்காடு ஏறும்.

மலைப்பாதை
ஏறும். நீங்களும் இறங்கித் தள்ளினால்.

தயிர்க்காரர்
அக்கா ஓட்டுகிறார் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். தெர்மாகோல் அப்படியேதான், ஆனால் மாவு நிரம்பிய ஒரு டிரே 20 கிலோ வரும், அதைக் காலை ஐந்து மணிக்குக் கடை கடையாக ஒருவர் தூக்க வேண்டும். குட்டி யானையின் பெட்டி உயரம், ஈகோவின் தரை தாழ்வு, பக்கக் கதவும் தள்ளினால் திறக்கும். பழைய ஈகோவில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, நின்ற இடத்தில் திருப்பினால் தோள் வலிக்கும். விலை பேசுவதற்கு முன் அக்காவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

கியர்பாக்ஸ்_மாமா (மூத்த உறுப்பினர்)
பேட்ஜ் விஷயத்தில் நான் சொன்னது அனுபவத்தில். தீர்ப்பு இருப்பதை மறுக்கவில்லை. சரி, உருப்படியாக ஒன்று சொல்கிறேன். அந்த 2017 வண்டியில் முன்பு என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள். மீனோ, உப்புக் கலந்த ஏதாவதோ என்றால் தரை விரிப்பை முழுக்கத் தூக்கி, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகக் கூடாது. உங்கள் மாவிலும் உப்பு உண்டு, ஒரு பாக்கெட் உடைந்தால் அன்றே கழுவ வேண்டும். ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-உம் பேங்க் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற 29, 30 இரண்டு படிவத்திலும் விற்பவர் கையெழுத்து. சலான் பாக்கி ஆன்லைனில் தெரியும். அட்வான்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அவசரப்படுத்துபவரிடம்தான் நிதானமாக இருக்க வேண்டும்.

சட்டம்_படித்தவன்
இதை மாமா சொன்னதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த இழையில் முதல் முறை.

கரண்ட்_வண்டி
மலை இறங்கும்போது எலக்ட்ரிக் வண்டி பேட்டரியைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

லோடுமேன்
ஞாயிறு முடிந்துவிட்டது. தம்பி, என்ன ஆயிற்று?

லோடுமேன்
?

வெண்பலகை
வழக்கம் போல. கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நைட்_ஷிப்ட்
மன்னிக்கவும், பத்து நாள் தொடர் ஷிப்ட். அந்த 2017 வண்டி வேண்டாம் என்றாகிவிட்டது. அக்கா ஸ்க்ரூடிரைவர் கொண்டு போனார், பின் சக்கரத்துக்கு மேலே உள்ளே போய்விட்டது. விற்பவர் கோபித்துக்கொண்டார். வேறு ஒரு 2018 ஈகோ கார்கோ, முன்பு பேக்கரிக்கு ஓடியது, எடுத்துவிட்டோம். அக்கா இரண்டு டிரே மாவோடு போய்த் தூக்கி வைத்து இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். ஸ்டீயரிங் கனம்தான், பழகிவிடும் என்கிறார். நேற்று ஏற்காடு போய் வந்தார், ஒரு பாக்கெட் கூட உடையவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஆம்னி_ரசிகன்
எவ்வளவுக்கு முடிந்தது?

கேஸ்_மீட்டர்
நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.