10 பேர் கம்பெனிக்கு சொந்த கிட் சர்வர்: கிட்லேப்பா, ஃபோர்ஜேயோவா?

பவானிக்கரை:
ஈரோட்டில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. டெவலப்பர்கள் 10 பேர். புது கிளையன்ட் ஒப்பந்தத்தில் "சோர்ஸ் கோடு வெளியார் சேவை எதிலும் இருக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். ஆபீசிலேயே சும்மா கிடக்கும் சர்வர் ஒன்று இருக்கிறது: 2 கோர், 4 ஜிபி ரேம், உபுண்டு 24.04. கோடு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டுக்கு இனி சொந்த சர்வர் வேண்டும்; அதை வெப்பில் நிர்வகிக்க மேனேஜர் கிட்லேப் போடச் சொல்கிறார். அந்த மெஷின் தாங்குமா? வேறு எதாவது போடலாமா? சிஐ (தானியங்கி டெஸ்ட், பில்டு) வேண்டும், ஆனால் பெரிதாக ஒன்றும் இல்லை. டெஸ்ட் ஓடி பில்டு வந்தால் போதும்.

ரூட்_ராஜா:
தாராளமாகத் தாங்கும். மெமரி குறைவான மெஷினுக்கென்றே கிட்லேப் ஆவணத்தில் தனிப் பக்கம் இருக்கிறது. 2 ஜிபி ரேம், 1 ஜிபி ஸ்வாப் இருந்தாலே ஓட்டலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். வெப் பக்கம் தரும் பியூமாவின் வொர்க்கரை 0 ஆக்கு, பின்னணி வேலை பார்க்கும் சைட்கிக்கின் கன்கரன்சியை 10க்கு இறக்கு, கண்காணிக்கும் ப்ரோமிதியஸை நிறுத்து, ரீகான்ஃபிகர் கொடு. ஆம்னிபஸ் என்ற கிட்லேப் பேக்கேஜில் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் டேட்டாபேஸ்கள், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் எல்லாம் உள்ளேயே வருது, நீ தனியாக எதையும் தேட வேண்டாம். டெபியன் லினக்ஸின் சால்சா தளம், க்னோம், கேடிஇ திட்டங்கள் எல்லாம் கிட்லேப்பில்தான் ஓடுது. மேனேஜர் சரியாகத்தான் சொல்லியிருக்கார்.

சின்னப்பெட்டி:
ராஜா அண்ணே, "ஓட்டலாம்"னு எழுதினதுக்கும் 10 பேர் காலையில ஒரே நேரத்துல மெர்ஜ் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேக்கறது) திறக்குறதுக்கும் ரொம்ப தூரம். அதே மெஷின்ல சிஐ ரன்னரும் ஓடணும்னா 4 ஜிபி எங்க பத்தும்? டெபியன்காரங்ககிட்ட தனி அட்மின் டீமே இருக்கு. பவானிக்கரைகிட்ட யார் இருக்கா?

தம்பி, ஃபோர்ஜேயோ போடுங்க, அதுவும் கிட்லேப் மாதிரி சொந்த கிட் சர்வர் சாஃப்ட்வேர்தான். கோ மொழியில எழுதின ஒரே ஒரு பைனரி. டேட்டாபேஸுக்கு எஸ்கியூலைட் போதும், 10 பேருக்கு அது தாராளம். கிட் பேர்ல ஒரு யூசர், அது தானா ஓட சிஸ்டம்டி யூனிட் ஃபைல் ஒண்ணு, முன்னாடி என்ஜின்எக்ஸ். 3000 போர்ட்ல வந்து நிக்கும். மெமரி சில நூறு எம்பி தாண்டாது.

மேகவாசி:
இரண்டு பேருமே தேவையில்லாத வேலைக்கு வழி சொல்கிறீர்கள். 2020 ஏப்ரலில் இருந்து கிட்ஹப் என்ற ஆன்லைன் சேவையில் பிரைவேட் ரெப்போவுக்கு (கோடு இருக்கும் களஞ்சியம்) ஆள் கணக்கு வரம்பே இல்லை, அதுவும் இலவசமாக. ஈரோட்டு ஆபீஸில் கரன்ட் போனால், டிஸ்க் போனால் யார் பொறுப்பு? கிளையன்ட்டிடம் பேசி அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு என்று மட்டும் யாரும் வந்துவிடாதீர்கள். 2021இல் கிட்லேப்பில் ஓர் ஓட்டை, எண் சிவிஇ-2021-22205. அப்லோடு செய்த படத்தை எக்ஸிஃப்டூல் என்ற படத்தகவல் கருவியிடம் கொடுக்கும் இடத்தில் கோளாறு. லாகின்கூட இல்லாமல் வெளியாள் சர்வரில் கமாண்டு ஓட்டலாம். ஏப்ரலிலேயே பேட்ச் வந்துவிட்டது. நவம்பரில் ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்குப் பார்த்தபோது இணையத்தில் தெரிந்த சுமார் 60,000 கிட்லேப்களில் பாதி பேட்ச் போடாமல் கிடந்தன. எல்லாம் உங்களைப் போல "சொந்தமாக" வைத்திருந்தவர்கள்தான்.

பவானிக்கரை:
ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

ரூட்_ராஜா:
மேகவாசி சொன்ன ஓட்டை உண்மை. ஆனால் அந்த 60,000மும் இணையத்தைப் பார்த்து திறந்து வைத்தவை. இவர் பெட்டி ஆபீஸ் நெட்வொர்க்குக்குள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வயர்கார்டு விபிஎன் வழியாக வரட்டும். உள்ளே இருக்கிறதே என்று பேட்ச் போடாமல் விடவும் கூடாது, அது வேறு. அப்புறம் கிட்ஹப் மட்டும் யாருக்கும் நிரந்தரமா? 2019 ஜூலையில் அமெரிக்கத் தடையைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியாவில் இருந்தவர்களின் பிரைவேட் ரெப்போக்களை மூடினார்கள்.

மேகவாசி:
அது அமெரிக்கச் சட்டம். கிட்லேப் டாட்காமும் அமெரிக்கக் கம்பெனிதான். ஈரோடு எப்போது தடைப் பட்டியலில் சேர்ந்தது?

வெறும்கிட்:
எஸ்எஸ்ஹெச்சும் (சர்வருக்குப் பாதுகாப்பாக நுழையும் வழி) ஒரு வெறும் (bare) ரெப்போவும் போதும். யாருக்கு எந்த பிராஞ்ச்சில் எழுத அனுமதி என்று பிரிக்க வேண்டுமானால் கிட்டோலைட். லினக்ஸ் கெர்னலின் தளமான கெர்னல் டாட் ஆர்க்கே அதில்தான் ஓடுது. வெப் பக்கமே இல்லை, படம் அப்லோடும் இல்லை, அந்த ஓட்டையும் இல்லை.

சின்னப்பெட்டி:
கெர்னல்காரங்க பேட்ச்சை மெயில்ல அனுப்பி ரிவியூ பண்றவங்க. நம்ம பசங்க பட்டன் இல்லாம ஒரு வரிகூட ரிவியூ பண்ண மாட்டாங்க.

ரூட்_ராஜா:
சின்னப்பெட்டியிடம் ஒரு கேள்வி. உங்கள் ஃபோர்ஜேயோவின் பூர்வீகம் என்ன? 2016இல் காக்ஸ் என்ற கிட் சர்வர் சாஃப்ட்வேரிலிருந்து கிட்டீ பிரிந்தது. 2022 அக்டோபரில் கிட்டீயின் பெயரும் டொமைனும் ஒரு கம்பெனி கைக்குப் போனது என்று சண்டை, டிசம்பரில் அதிலிருந்து ஃபோர்ஜேயோ. 2024இல் முழுசாகவே தனிக்குடித்தனம். அடுத்து எப்போது பிரியும்? கம்பெனி கோடை வைக்கிற இடம், இப்படி வருஷத்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாற்றினால் எப்படி?

சின்னப்பெட்டி:
ஃபோர்ஜேயோவுக்குப் பின்னாடி இருக்கிறது கோட்பெர்க், ஜெர்மனியில பதிவான சங்கம். விக்கிறதுக்கு ஆள் இல்லைங்கறதுக்காகவே பிரிஞ்சாங்க. ஃபெடோரா லினக்ஸ்காரங்களே தங்களோட பழைய கிட் தளமான பேகூரை விட்டுட்டு இதுக்குத்தான் மாற முடிவு பண்ணாங்க. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும்: கிட்டீயிலிருந்து நேரா மாறுற வழி 1.22 பதிப்போட முடிஞ்சுது. அதுக்கு மேல போனவங்களுக்கு அந்தக் கதவு மூடியாச்சு. அதனால எதைப் போட்டாலும் முதல் நாளே முடிவு பண்ணிப் போடுங்க, தம்பி.

ராஜா அண்ணே, உங்க கிட்லேப் அப்கிரேடைப் பத்தி வாய் திறக்கவே இல்லையே? ஒரு வருஷம் சும்மா விட்டுட்டு "கடைசி பதிப்பு போடு"ன்னு சொல்லிப் பாருங்க. நேரா தாவ முடியாது. 2, 5, 8, 11னு முடியற பதிப்புகள்ல ஒவ்வொண்ணா நின்னு நின்னு போகணும். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் பின்னணி மைக்ரேஷன் (டேட்டாபேஸைப் புதுப் பதிப்புக்கு மாத்தறது) முடியற வரைக்கும் காத்திருக்கணும். 4 ஜிபி பெட்டியில அது ஈரோட்டுல ஏறி சென்னைக்கு பாசஞ்சர் வண்டியில போற மாதிரி.

ரூட்_ராஜா:
மாதாமாதம் போட்டுவந்தால் அந்த நிறுத்தம் ஒன்றும் தொல்லையே இல்லை. விட்டுவிட்டுப் பிறகு அழுகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

சின்னப்பெட்டி:
இவங்க ஆபீசுல மாசாமாசம் அதைப் போடப் போறது யாரு? அதான் கேள்வியே.

பவானிக்கரை:
நான்தான். என் நிஜ வேலை ஃபிரன்ட் எண்ட்.

சோதனைக்கு ஃபோர்ஜேயோ போட்டுப் பார்த்தேன். லாகின் வரை சுலபம். பழைய ரெப்போ ஒன்றை ஹெச்டிடிபிஎஸ்ஸில் புஷ் செய்தால் (சர்வருக்கு ஏற்றினால்) "413" என்று பாதியிலேயே நின்றுவிடுகிறது. சின்ன ரெப்போ எல்லாம் போகிறது. கூகுளில் தேடினால் கிட்டின் போஸ்ட் பஃபரை 500 எம்பி ஆக்கு என்கிறார்கள். ஆக்கினேன், அதே 413தான்.

சின்னப்பெட்டி:
போஸ்ட் பஃபர் உங்க லேப்டாப் பக்கத்து செட்டிங். 413ன்னு சொல்றது உங்க முன்னாடி நிக்கிற என்ஜின்எக்ஸ். வர்ற ரிக்வெஸ்ட் உடம்பு 1 எம்பிக்கு மேல இருந்தா திருப்பி அனுப்பறது அதோட பிறவி குணம். சர்வர் பிளாக்ல "கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்" வரியைச் சேர்த்து 512 எம்பின்னு கொடுங்க, என்ஜின்எக்ஸை ரீலோடு பண்ணுங்க. போஸ்ட் பஃபரைப் பழையபடி வைங்க, வீணா மெமரி தின்னும்.

இல்லேன்னா எஸ்எஸ்ஹெச்ல புஷ் பண்ணுங்க, அது என்ஜின்எக்ஸ் பக்கமே போகாது. டாக்கர் (சாஃப்ட்வேரைத் தனிப் பெட்டிக்குள்ள ஓட்டறது) இல்லாம நேரா பைனரி போட்டிருக்கீங்கன்னா இன்னும் நல்லது. சர்வரோட வழக்கமான எஸ்எஸ்ஹெச்சே 22ம் போர்ட்ல பதில் சொல்லும், ஃபோர்ஜேயோ கிட் யூசரோட கீ ஃபைல்ல தன் வரிகளை எழுதிக்கும். டாக்கர்ல போட்டவங்கதான் 2222னு ஒரு போர்ட்டைத் தூக்கிட்டு எல்லார் லேப்டாப்புலயும் மாத்திட்டு அலையறாங்க.

அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷனை மூடிட்டீங்களா? லாகின் இல்லாம எந்தப் பக்கமும் தெரியாதுன்னு வைக்கற செட்டிங்கும் இருக்கு. 2025ல வெப் பக்கங்களை அள்ளற ஏஐ கிராலர் கூட்டம் தாங்காம க்னோமே தன் கிட்லேப் முன்னாடி அனுபிஸ்னு ஒரு காவல்காரனை நிறுத்துச்சு. ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனிப் பக்கம் இருக்கற சைட் அதுங்களுக்கு வத்தாத கிணறு.

பவானிக்கரை:
513 எம்பி ரெப்போ இல்லை என்பதால் தப்பித்தேன், புஷ் போய்விட்டது. நன்றி அண்ணா. ரெஜிஸ்ட்ரேஷனை மூடிவிட்டேன்.

ரூட்_ராஜா:
சரி, போட்டாச்சு. பேக்கப்?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் டாட்காமிலேயே ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் வைத்திருந்தார்கள், ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. கிட்லேப் ஆள் நானே இதைச் சொல்கிறேன். ஆனால் கிட்லேப்பில் ரீஸ்டோருக்கென்று ஒழுங்கான கமாண்டு இருக்கிறது, எந்தப் பதிப்பில் எடுத்ததோ அதே பதிப்பில் போட்டால் திரும்பி வரும். ஃபோர்ஜேயோவில் டம்ப் எடுக்க கமாண்டு உண்டு. திருப்பிப் போட? கையால் ஜிப்பை அவிழ்க்க வேண்டியதுதான்.

சின்னப்பெட்டி:
உங்க பேக்கப் கமாண்டு சீக்ரெட்ஸ் ஃபைலை (ரகசியச் சாவிகள் இருக்கறது) எடுக்காதுங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணே. டார் ஃபைல் பத்திரமா இருக்கும், சீக்ரெட்ஸ் ஜேசான் போயிருக்கும். இரண்டு அடுக்கு லாகின் வெச்சவன் எவனும் உள்ள வர முடியாது, சிஐ வேரியபிள் அத்தனையும் குப்பை.

ரூட்_ராஜா:
அந்த ஃபைலைத் தனியாக எடுத்து வை என்று ஆவணத்திலேயே இருக்கிறது, பேக்கப் முடியும்போது திரையிலும் எச்சரிக்கை வரும். உங்கள் பக்கமும் அதே கதைதான். ஃபோர்ஜேயோவின் செட்டிங் ஃபைலான ஆப் டாட் ஐஎன்ஐயில் சீக்ரெட் கீ என்று ஒரு வரி இருக்கிறது. டேட்டாபேஸை மட்டும் காப்பாற்றி அந்த வரியை விட்டால் உங்கள் இரண்டு அடுக்கு லாகினும் திறக்காது.

சின்னப்பெட்டி:
அது சரிதான். பவானிக்கரை, இடிசி ஃபோல்டருக்குக் கீழ இருக்கற அந்த ஃபைல் உங்க பேக்கப்புல வருதா?

பவானிக்கரை:
வரவில்லை. ரெப்போவும் டேட்டாபேஸும் இருக்கும் டைரக்டரியை மட்டும்தான் ராத்திரி தானாக ஓடும் க்ரானில் எடுக்கிறேன். இப்போதே சேர்க்கிறேன்.

மேகவாசி:
எங்கே எடுத்து வைக்கிறீர்கள்? அதே சர்வரிலா?

பவானிக்கரை:
இல்லை, எம்டி வீட்டில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) இருக்கிறது. ராத்திரி வயர்கார்டு வழியாகப் போகும்.

மேகவாசி:
எம்டி வீடு வெளியாரா இல்லையா என்று ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

ரூட்_ராஜா:
முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொன்னார். அந்த நாஸுக்குப் போவதற்கு முன்னாலேயே ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி போட்டு என்கிரிப்ட் செய்துவிடு தம்பி. பாஸ்வேர்டு அதே சர்வரில் மட்டும் இருக்கும்படி வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு விர்ச்சுவல் மெஷினில் ரீஸ்டோர் செய்து, இரண்டு அடுக்கு வைத்த ஒரு கணக்கில் லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுது. ஆகவில்லை என்றால் கிட்லேப் பற்றி மறுபடி பேசலாம்.