ககுனி செருப்புத் தோலாகிவிட்டது, எங்கே பிழை?

கல்லடிக்காரன்:
ஜப்பானின் நாகோயா நகரில் வேலை பார்த்த நான்கு ஆண்டுகளும் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு இசகாயா எனப்படும் சாப்பாடும் தரும் சிறு மதுக்கடையில்தான். அங்கே ககுனி, அதாவது சோயா சோஸில் வெந்த பன்றி வயிற்றிறைச்சி, கரண்டி பட்டாலே பிளந்துகொள்ளும். நேற்று வீட்டில் செய்தேன். சோயா சோஸை முதலிலேயே ஊற்றி, மிரின் என்ற இனிப்பு அரிசி மது இல்லாததால் சீனி போட்டு, ஒரு மணி நேரம் வேகவைத்தேன். பல்லுத்தான் வலித்தது. அம்மா மணந்து பார்த்துவிட்டு, "மிளகாய்த்தூள் எங்கே?" என்றார்.

வாவிக்கரை அக்கா:
தம்பி, அவசரப்பட்டுவிட்டீர்கள். முதலில் அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு மணி நேரம் சிறு தீயில் அவியுங்கள். ஜப்பானியரும் அப்படிச் செய்வதுண்டு, வாடை போய்விடும். இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே உறையும், வழித்தெடுக்கலாம். பிறகு இஞ்சி, சீனி, நல்ல தண்ணீர். சோயா சோஸ் கடைசியில்தான். அவர்கள் இறைச்சியின் மேலேயே படியும் சிறு மூடி வைப்பார்கள். நான் வாழையிலையை வட்டமாக வெட்டிப் போடுகிறேன்.

ஊறணி வாசகன்:
மிரினுக்குப் பதிலாகத் தென்னஞ்சாராயம் ஊற்றிவிடாதீர்கள், நான் ஊற்றிக் கெடுத்தவன். பொறுமை இல்லையென்றால் ஷோகாயாகி என்ற இஞ்சிப் பன்றிப் பொரியல் செய்யுங்கள்: மெல்லிய இறைச்சித் துண்டுகள், துருவிய இஞ்சி, சோயா சோஸ், ஐந்தே நிமிடம்.

கல்லடிக்காரன்:
நன்றி அக்கா. வாழை கொல்லையிலேயே நிற்கிறது. ஞாயிறன்று மறுபடி செய்கிறேன். அம்மாவுக்கு மிளகாய்த்தூள் தனிக் கிண்ணத்தில்.