பெரியப்பா காரை விக்கறாராமே? (குடும்பக் குழு, வெள்ளிக்கிழமை)

6:48 திலகா அத்தை: அண்ணா சிவப்பு காரை விக்கறாராமே? நிஜமா?

6:51 கவிதா அக்கா: யார் சொன்னது

6:51 திலகா அத்தை: மாப்பிள்ளைதான் நேத்து போன்ல சொன்னார்

6:58 பிரபு அத்தான்: நான் விக்கறார்னு சொல்லலைங்க. கியர்பாக்ஸ் கீழ எண்ணெய் சொட்டுது. வந்து பாத்த மெக்கானிக் பின்பக்க கிராங்க் சீல் (இன்ஜின் தண்டு வெளிய வர்ற இடத்துல எண்ணெயைத் தடுக்கற ரப்பர்) போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்னார். மாமா "அப்போ இனிமே எதுக்கு இந்த வண்டி"ன்னார். அவ்வளவுதான்.

7:02 சேகர் சித்தப்பா: வண்டியைத் தூக்கிப் பாத்தாரா, தரையில இருந்த சொட்டைப் பாத்தே சொல்லிட்டாரா?

7:03 பிரபு அத்தான்: சொட்டைப் பாத்துதான்

7:03 சேகர் சித்தப்பா: அதானே

7:11 சேகர் சித்தப்பா: எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க. அண்ணன் கார் மஸ்டாவோட 1990 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 லிட்டர் பி6 இன்ஜின். இதுல பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற கூடு) கீழ எண்ணெய் சொட்டினா முதல்ல கிராங்க் சீலைச் சந்தேகப்படக் கூடாது. இன்ஜின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டோட பின்கோடியில, கேபினைப் பிரிக்கற ஃபயர்வாலை ஒட்டி, இக்னிஷன் டைமிங்குக்கான கேம் ஆங்கிள் சென்சார் இருக்கு. அது ஹெட்டுக்குள்ள நுழையற இடத்துல ஒரே ஒரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். முப்பது வருஷத்துக்கு மேல சூட்டுலயே கிடந்தா அந்த ரப்பர் இறுகி பிளாஸ்டிக் வளையல் மாதிரி ஆயிடும். அதுல கசியற எண்ணெய் ஹெட் முதுகு வழியா இறங்கி, பெல் ஹவுசிங் மேல வழிஞ்சு, அடியில வந்து சொட்டும். கீழ படுத்துப் பாக்கறவங்களுக்கு கிராங்க் சீல் மாதிரியேதான் தெரியும். ஒரு ஓ-ரிங்குக்காக கியர்பாக்ஸை இறக்கிடாதீங்க, காரை வித்துடவும் வித்துடாதீங்க.

7:12 அருண்: ஓ

7:14 கவிதா அக்கா: வால்வ் கவர் (ஹெட்டோட மேல் மூடி) கேஸ்கெட்டும் அதே இடத்துலதான் கசியும் சித்தப்பா. பின் மூலைங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க.

7:15 சேகர் சித்தப்பா: சொல்ல வந்தேன். டைப் பண்ண விடு.

7:16 திலகா அத்தை: அந்த கராஜ்ல என் பீரோ இருக்கு. அதுல எண்ணெய் படாம பாத்துக்கோங்க

7:17 கவிதா அக்கா: அத்தை பீரோவை எப்ப எடுத்துட்டுப் போறீங்க

7:17 திலகா அத்தை: ஆள் கிடைக்கட்டும்

7:29 சேகர் சித்தப்பா: கண்டுபிடிக்கற வழி இதான். ஹெட் பின்பக்கம், பெல் ஹவுசிங், ஆயில் சம்ப் மூணையும் டீகிரீசர் போட்டுத் தேய்ச்சுக் கழுவி நல்லா காய விடுங்க. சென்சார் கனெக்டரையும் காயில் பேக்கையும் பிளாஸ்டிக் கவரால மூடிட்டுத்தான் தண்ணி அடிக்கணும். அப்புறம் 20 நிமிஷம் இன்ஜின் ஓடட்டும், ஃபேன் ஒரு தடவையாவது சுத்தணும். நிறுத்திட்டு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வெச்சு மேலே இருந்து கீழே பாத்துட்டு வாங்க. எண்ணெய் எப்பவும் கீழதான் ஓடும். அதனால ஈரம் தெரியற உயரமான இடம் எதுவோ அதுதான் கசியற இடம். சென்சார் அடிப்பக்கம் ஈரம்னா ஓ-ரிங். வால்வ் கவர் விளிம்பு ஈரம்னா கேஸ்கெட். மேல எல்லாம் காஞ்சிருந்து, பெல் ஹவுசிங் அடியில இருக்கற ஓட்டையில மட்டும் சொட்டினாத்தான் கிராங்க் சீல். அந்தச் சொட்டை விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கந்தக நாத்தம் அடிச்சா அது இன்ஜின் ஆயிலே இல்ல, கியர் ஆயில். கியர்பாக்ஸ் முன் சீல்.

7:31 பிரபு அத்தான்: மேல கைய விட்டுப் பாத்தேன். சென்சார் அடியில பிசுபிசுன்னு இருக்கு

7:31 கவிதா அக்கா: 👍

7:32 பிரபு அத்தான்: (படம்)

7:33 சேகர் சித்தப்பா: அந்தக் கறுப்புக் கோடு தெரியுதா, ஹெட் பின்னாடி நேரா கீழ இறங்குது? இது ஓ-ரிங்தான்னு எனக்கு முக்காவாசி நிச்சயம். கழுவிட்டுப் பாத்தா முழுசாத் தெரிஞ்சிடும். பக்கத்துல ஹீட்டர் ஹோஸ் போகுது பாருங்க, அதை அழுத்திப் பாருங்க. எண்ணெய்ல ஊறினா ரப்பர் பஞ்சு மாதிரி தொளதொளன்னு ஆயிடும். அப்படி இருந்தா அதையும் மாத்தணும். அது வழியில வெடிச்சா கூலண்ட் எல்லாம் போய் ஹெட் வளைஞ்சுடும்.

7:40 பெரியப்பா: எல்லாரும் எழுந்தாச்சா

7:40 கவிதா அக்கா: அப்பா படிச்சீங்களா

7:41 பெரியப்பா: படிச்சேன்

7:44 அருண்: பெரியப்பா வேலை நடக்கும்போதே வண்டியை ரெண்டு இன்ச் இறக்கிடலாமா? 17 இன்ச் வீல் கூட

7:44 கவிதா அக்கா: ஆரம்பிச்சுட்டான்

7:45 பெரியப்பா: ஸ்பிரிங்ல யாரும் கை வைக்கக் கூடாது

7:45 சேகர் சித்தப்பா: அண்ணே அந்த ஸ்பிரிங்கை வெட்டினது நான் இல்ல. எத்தனை தடவை சொல்றது.

7:46 திலகா அத்தை: காலங்காத்தால அந்தக் கதை வேண்டாம்

7:47 (சேகர் சித்தப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்)

7:58 சேகர் சித்தப்பா: அருண், உனக்கு ஒழுங்கா சொல்றேன். இந்த வண்டியில சஸ்பென்ஷன் ஏறி இறங்கறதுக்கு இடமே கம்மி. ரெண்டு இன்ச் இறக்கினா சின்னப் பள்ளத்துக்கே ஷாக் போய் பம்ப் ஸ்டாப்புல (கடைசித் தடுப்பு ரப்பர்) உக்காந்துடும். அப்புறம் வளைவுல திடீர்னு இறுகி பின்பக்கம் நழுவும். இறக்கணும்னா கொஞ்சமா, அதுக்குன்னு செஞ்ச ஸ்பிரிங், நல்ல டேம்பர் (ஷாக்), குட்டைப் பம்ப் ஸ்டாப் மூணும் சேந்துதான். வீல் 17 வேண்டாம். கனம் ஏறினா ஸ்டியரிங்ல இருக்கற உயிரே போயிடும். 15 இன்ச் விட்டம், 7 இன்ச் அகலம், ஆஃப்செட் (வீல் நடுக்கோட்டுல இருந்து ஹப்புல உக்கார்ற முகம் தள்ளி இருக்கற தூரம்) 35 மிமீ பக்கம், டயர் 195/50 ஆர்15. கம்பெனி டயர் 185/60 ஆர்14-ஓட வெளி விட்டம் 578 மிமீ, இது 576. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. நீ கேக்கற 17-ல 205/40 போட்டா 596.

7:59 அருண்: போல்ட் அமைப்பு 4x100 தானே

7:59 கவிதா அக்கா: ஆமா. வீல் நடு ஓட்டை 54.1 மிமீ. பெருசா இருந்தா ஹப் வளையம் போடு, இல்லன்னா ஸ்டியரிங் நடுங்கும். நட் மரை 12க்கு 1.5. இறுக்கறது 88ல இருந்து 118 நியூட்டன் மீட்டருக்குள்ள.

8:01 கவிதா அக்கா: இன்னொண்ணு. சஸ்பென்ஷன் கீழ் ஆர்ம் போல்ட் எதைக் கழட்டினாலும், வண்டி சக்கரத்துல நிக்கும்போதுதான் கடைசியா இறுக்கணும். ஸ்டாண்டுல தொங்கிட்டு இருக்கும்போது இறுக்கினா, இறக்கினதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். ஒரு வருஷத்துல கிழிஞ்சிடும். நிறையப் பேர் தப்பு பண்ற இடம்.

8:02 அருண்: சரிக்கா

8:05 பெரியப்பா: வீல் எல்லாம் அப்புறம். ஓ-ரிங் மாத்த எவ்வளவு நேரம்

8:05 கவிதா அக்கா: பாத்தீங்களா!!

8:06 பிரபு அத்தான்: மாமா விக்க மாட்டார்னு நான் அப்பவே நினைச்சேன்

8:06 பெரியப்பா: நேரம்தான் கேட்டேன்

8:20 சேகர் சித்தப்பா: அண்ணே, கை நுழைஞ்சா ஒரு மணி நேரம். நுழையலன்னா மூணு. படிப்படியா சொல்றேன், பிரபு இதைச் சேமிச்சு வெச்சுக்கோங்க.
பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, டிக்கியில வலது பக்கம் இருக்கு. சென்சார் உடம்பும் ஹெட்டும் சேர்ற இடத்துல குறுக்கே ஆணியால ஒரு கோடு கிழிங்க. பெயிண்ட் பேனா வேண்டாம், எண்ணெய்ல அழிஞ்சிடும். இந்தக் கோடுதான் உங்க இக்னிஷன் டைமிங். சென்சாரைத் திருப்பினா டைமிங் மாறும். அதைப் பிடிச்சிருக்கறது ஒரே ஒரு போல்ட், 12 மிமீ தலை. கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் பிடிக்கணும், நீள எக்ஸ்டென்ஷன் வேணும். போல்ட் வந்ததும் சென்சாரை இடமும் வலமும் ஆட்டி நேரா பின்னாடி இழுங்க. ஸ்க்ரூட்ரைவர் விட்டு நெம்பாதீங்க, அலுமினியத்துல கீறல் விழுந்தா புது ஓ-ரிங்கும் கசியும். பழைய ஓ-ரிங் உடைஞ்சுதான் வரும். அதோட துண்டு எதுவும் ஹெட்டுக்குள்ள விழாம பாத்துக்கணும். குழியை நல்லா துடைங்க. புதுசுக்கு இன்ஜின் ஆயில் தடவி உள்ள தள்ளுங்க. சிலிகான் பசை வேண்டவே வேண்டாம். சென்சார் நாக்கு நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும், அதனால ஒரே வழியிலதான் போய் உக்காரும். போகலன்னா அரைச் சுத்து திருப்பிப் பாருங்க, சுத்தியல் எடுக்காதீங்க.

8:22 பிரபு அத்தான்: கோடு சேந்துட்டா டைமிங் பாக்க வேண்டாம்தானே?

8:23 கவிதா அக்கா: பாக்கணும்

8:27 சேகர் சித்தப்பா: கட்டாயம் பாக்கணும். இன்ஜின் சூடாகி ஐடில் 850க்கு வந்ததும், பானட்டுக்குள்ள இருக்கற டயக்னோசிஸ் பெட்டியில TEN, GND (கிரவுண்ட்)னு போட்டிருக்கற ரெண்டு முனையையும் ஒரு ஒயரால இணைங்க. டைமிங் லைட் கிளிப் முதல் சிலிண்டர் ஒயர்ல. 10 டிகிரி வரணும். இணைக்காம பாத்தா கம்ப்யூட்டர் தானே டைமிங்கை மாத்திக்கிட்டே இருக்கும், குறி ஒரே இடத்துல நிக்காது. 14 வரைக்கும் தள்ளுவாங்க, கீழ் ஆர்பிஎம்ல இழுவை நல்லா கூடும். ஆனா ஆக்டேன் கூடின பெட்ரோல் போடணும், மேடு ஏறும்போது நாக்கிங் சத்தம் வருதான்னு காது குடுக்கணும். வந்தா உடனே 10க்கே திரும்பிடுங்க. கடைசியில அந்த ஒயரை எடுக்க மறக்காதீங்க.

8:29 அருண்: 14 வெக்கலாம்

8:29 பெரியப்பா: 10

8:33 திலகா அத்தை: ஞாயித்துக்கிழமை யார் யார் வர்றீங்க? எனக்கு கணக்கு வேணும்

8:34 கவிதா அக்கா: நாங்க 4 பேர்

8:36 சேகர் சித்தப்பா: வால்வ் கவரையும் கழட்டிடறது நல்லது. கேஸ்கெட் புதுசு, முன் கேம் கேப் சந்துல ஒரு பொட்டு சீலண்ட். போல்ட் 5ல இருந்து 9 நியூட்டன் மீட்டருக்குள்ள, நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கம் போகணும். கை பலத்தைக் காட்டினா ஹெட்ல மரை போயிடும்.

8:37 திலகா அத்தை: சேகர் நீ வர்றியா இல்லையா

8:37 சேகர் சித்தப்பா: சனிக்கிழமையே வரேன்க்கா. கவர் திறந்தா டைமிங் பெல்ட்டையும் பாத்துடணும். கடைசியா எப்ப மாத்தினது?

8:40 பெரியப்பா: ஞாபகம் இல்ல

8:41 கவிதா அக்கா: அப்ப மாத்தணும். 1,00,000 கிமீக்கு ஒரு தடவைன்னு கணக்கு, ஆனா வயசும் கணக்குதான். இந்த இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வ் பிஸ்டன்ல இடிக்காது, அது ஒரு நல்ல விஷயம். ஆனா நடுரோட்டுல நின்னுடும்.

8:49 சேகர் சித்தப்பா: பெல்ட்டுக்கு முன்னாடி இதைப் பாருங்க, இதுதான் எனக்கு ஓ-ரிங்கை விடப் பெரிய கவலை. 1990 வண்டி, அதனால குட்டை மூக்கு கிராங்க்கா (முன் முனை குட்டையான இன்ஜின் தண்டு) இருக்கணும். முன்னாடி கிராங்க் புல்லியில (பெல்ட் சக்கரம்) இருக்கற வெட்டை எண்ணுங்க. 4 வெட்டுன்னா குட்டை மூக்கு, 8ன்னா நீள மூக்கு. குட்டை மூக்குல நடு போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் சாவி (கிராங்க்ல பூட்டற சின்ன இரும்புத் துண்டு) கிராங்க் பள்ளத்தை அடிச்சு அடிச்சு அகலமாக்கிடும். அப்புறம் புல்லி ஆடும், டைமிங் பின்னாடி போகும், வண்டியில சத்தே இருக்காது. ஐடில்ல விட்டு முன்னாடி நின்னு புல்லியை உத்துப் பாருங்க. தட்டு மாதிரி தள்ளாடக் கூடாது. குட்டை மூக்குக்கு 108-118 நியூட்டன் மீட்டர். நீள மூக்குக்கு 157-167. ரெண்டையும் மாத்திப் போட்டா ரெண்டுமே கெட்டது. அந்த போல்ட்டை எப்பவும் டார்க் ரெஞ்ச் (இறுக்கற அளவு காட்டற ரெஞ்ச்) இல்லாம இறுக்கவே கூடாது.

8:50 அருண்: டார்க் ரெஞ்ச் எங்க இருக்கு

8:50 கவிதா அக்கா: 👀

8:53 பெரியப்பா: சேகர் வாங்கிட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு

8:54 சேகர் சித்தப்பா: நான் முரளிகிட்ட குடுத்தேன்

8:54 திலகா அத்தை: முரளி இந்தக் குழுவுல இல்ல

8:55 கவிதா அக்கா: இருந்தார். அவரே வெளிய போயிட்டார்

8:57 பிரபு அத்தான்: 4 வெட்டு

8:57 சேகர் சித்தப்பா: ஆடுதா?

8:58 பிரபு அத்தான்: ஆடலை. நேரா சுத்துது

8:58 சேகர் சித்தப்பா: ரொம்ப சந்தோஷம். நிஜமா.

9:02 கவிதா அக்கா: (குரல் பதிவு 1:37)

9:04 அருண்: அக்கா பஸ்ல இருக்கேன் எழுதுங்க

9:06 கவிதா அக்கா: கியர் ஆயில் பத்தி. போன தடவை யாரோ கியர்பாக்ஸ்ல ஜிஎல்-5 ரக எண்ணெய் ஊத்தியிருக்காங்க, டப்பா ஷெல்ஃப்ல இருக்கு. கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4, 2 லிட்டர். ஜிஎல்-5ல இருக்கற சேர்க்கை பித்தளை சிங்க்ரோவுக்கு (கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்கற வளையம்) ஆகாது. பின் அச்சு டிஃப்பரன்ஷியலுக்குத்தான் ஜிஎல்-5, 1.6 வண்டிக்கு 0.65 லிட்டர். ரெண்டுலயும் ஊத்தற பிளக்கை முதல்ல கழட்டிட்டு அப்புறம் வடியற பிளக்கைத் தொடுங்க. ஊத்தற பிளக் பிடிச்சிருந்தா, எண்ணெயை வடிச்சுட்டு வண்டி நகராம நிக்கும்.

9:07 பெரியப்பா: செகண்ட் கியர் காலைல இறுக்கமா விழறது அதனாலயா

9:08 கவிதா அக்கா: கொஞ்சம். சூடாகற வரைக்கும் இந்த வண்டிங்க எல்லாமே அப்படித்தான்பா. அவசரப்படுத்தாதீங்க.

9:12 சேகர் சித்தப்பா: தூக்கும்போது ஜாக் முன்னாடி கிராஸ்மெம்பர் நடுவுல. கியர்பாக்ஸையும் டிஃப்பையும் இணைக்கற அந்த நீள அலுமினியச் சட்டம் இருக்கே, அதுக்கடியில ஜாக் வெக்கவே கூடாது, வளைஞ்சுடும். ஸ்டாண்ட் போடாம யாரும் கீழ போகாதீங்க.

9:13 கவிதா அக்கா: வண்டி தூக்கியிருக்கும்போதே மடக்கு டாப்போட மழைத்தண்ணி வடிகாலையும் பாத்துடலாம். சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னாடி ரெண்டு மூலை. கம்பி விடாதீங்க, குழாய் கிழியும். புல் வெட்டற மெஷின் நைலான் கயிறு போதும். ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழ வரணும். வரலன்னா தண்ணி கதவுக்குக் கீழ இருக்கற சில்லுக்குள்ள நிக்குதுன்னு அர்த்தம். துரு அங்கதான் உள்ள இருந்து ஆரம்பிக்கும்.

9:15 பெரியப்பா: பார்ட் எல்லாம் கிடைக்குமா. முப்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டி

9:18 சேகர் சித்தப்பா: கிடைக்கும் அண்ணே. 2017ல மஸ்டாவே ஜப்பான்ல இந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பிச்சுக் குடுக்கற திட்டம் ஆரம்பிச்சு, நின்னுபோன சில பார்ட்டையும் மறுபடி செய்ய ஆரம்பிச்சாங்க. ஓ-ரிங், பெல்ட், வாட்டர் பம்ப், முன் சீல் எல்லாம் சாதாரணமா வர்றதுதான். பெல்ட் மாத்தினா வாட்டர் பம்ப்பும் சீலும் சேத்துதான், அதே வேலையை ரெண்டு தடவை செய்யக் கூடாது.

9:19 பெரியப்பா: ஓ-ரிங் மட்டும் சனிக்கிழமை. பெல்ட் அப்புறம் பாக்கலாம்

9:19 கவிதா அக்கா: அப்புறம்னா?

9:24 கவிதா அக்கா: அப்பா?

9:31 திலகா அத்தை: சனிக்கிழமை எல்லாரும் வர்றீங்கன்னா அந்தப் பீரோவையும் தூக்கி வெளிய வெச்சுடுங்க

9:32 பிரபு அத்தான்: பீரோவை எடுத்தாத்தான் காரை முன்னாடி தள்ளவே முடியும்

9:33 சேகர் சித்தப்பா: முரளி நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?