ஆளுநருக்குத் தேர்தலா? பிலிப்பைன்ஸ் மாகாணப் பதவிக்கு ஒரு சொல்

அன்பின் குழுவினருக்கு,

பிலிப்பைன்ஸின் நடிகையும் அரசியல்வாதியுமான வில்மா சாந்தோஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். "2007இல் பத்தாங்காஸ் மாகாண ஆளுநர் தேர்தலில் வென்றார்" என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் 'தேர்தலில்' என்பதைச் சிவப்பில் வட்டமிட்டு, "ஆளுநருக்குத் தேர்தலா? நியமனம்தானே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆளுநர் என்றாலே நமக்கு ராஜ்பவன்தான். இலங்கையிலும் மாகாண ஆளுநரை ஜனாதிபதிதான் நியமிக்கிறார்.

அங்கே கதை வேறு. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு வைக்கும் ஆள் அவர். பதவிக்காலம் 3 ஆண்டு. தொடர்ந்து 3 முறைக்கு மேல் கூடாது என்பது 1987 அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வில்மாவின் அரசியலும் இந்தக் கணக்கில்தான் ஓடியிருக்கிறது. 1998 முதல் 9 ஆண்டு லிப்பா நகர மேயர், 2007 முதல் 9 ஆண்டு ஆளுநர். இரண்டு நாற்காலியிலும் அவர்தான் முதல் பெண். கெடு முடிந்ததும் 2016 முதல் 2022 வரை பிரதிநிதிகள் அவை. 2025இல் மறுபடியும் அதே ஆளுநர் பதவி. சினிமா நட்சத்திரம் என்பதால் நாடே 'ஆத்தே வி' என்கிறது, அதாவது வி அக்கா. (நம் ஊர் ஆத்தா நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

இந்த ஆளுநர் பதவிக்கு அந்நாட்டுத் தகாலோக் மொழியில் 'புனோங் லலாவிகன்' என்று பெயர். லலாவிகன் என்றால் மாகாணம். புனோ என்றால் தலைவர், மரத்துக்கும் அதே சொல்தான். ஆகவே 'மாகாணத் தலைவர்' என்று வைக்கலாமா?

*

> 'மாகாணத் தலைவர்' என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. ஏதோ கட்சியின் மாகாணத் தலைவர் என்றுதான் படிப்பார்கள். அர்னால்ட் ஸ்வார்செனேகரை 'கலிபோர்னியா ஆளுநர்' என்று எழுதினோமே, யாராவது குழம்பினார்களா? மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் 'மாகாண முதல்வர்' என்று போடுங்கள், தேர்தல் வாசனையாவது இருக்கும்.

*

அம்மா, அர்னால்ட் உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முதல்வர் சரிவராது. நமக்கு முதல்வர் என்றால் அவையில் பெரும்பான்மை உள்ளவர். அங்கே ஆளுநருக்கு அவையில் ஆள்பலம் இல்லாமலும் போகலாம். துணைப் பதவிக்குத் தனி ஓட்டு. மாகாண அவையை நடத்துவதும் அந்தத் துணைப் பதவிக்காரர்தான்.

2025இல் பத்தாங்காஸில் நடந்ததைப் பாருங்கள். வில்மா ஜெயித்தார். துணைப் பதவிக்கு நின்ற அவர் மகன் லூயிஸ் மன்சானோ தோற்றார். தோற்கடித்த எர்மிலாந்தோ மந்தானாஸ் யார் என்றால், அதற்கு முன் 9 ஆண்டு அதே மாகாணத்தின் ஆளுநர்! கெடு முடிந்ததால் ஒரு படி இறங்கி நின்றார். இப்போது அம்மா ஆளுநர். அவையை நடத்துவது மகனைத் தோற்கடித்தவர். எந்தச் சொல் வைத்தாலும் இந்த ஏற்பாட்டை அது மறைக்கக் கூடாது.

அப்படிப் பார்த்தால் என் 'மாகாணத் தலைவர்' இன்னும் மோசம். அவைத் தலைவர் என்று நினைத்து வாசகர் மந்தானாஸ் பக்கம் போய்விடுவார். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆளுநரே இருக்கட்டும். ஆள்பவர் என்பதுதானே சொல்லின் பொருள். நியமனம் என்பது நம் அனுபவம் ஏற்றிவைத்தது. பெண்பால் ஈறு தேடி அலையவும் வேண்டாம். முதல் இடத்தில் மட்டும் 'மக்கள் தேர்ந்தெடுக்கும் மாகாண ஆளுநர்' என்று எழுதிவிடுகிறேன்.

சரி, மந்தானாஸை என்னவென்று எழுதுவது? 'துணை ஆளுநர்' என்றால் புதுச்சேரிக்காரர் துணைநிலை ஆளுநர் என்றுதான் படிப்பார். 'இணை ஆளுநர்' எப்படி? சம அதிகாரம் போலத் தொனிக்கிறது, அதுதான் உறுத்தல். தனியாக ஓட்டு வாங்கி வந்தவர் என்பதாவது புரியும். புதன்கிழமைக்குள் சொன்னால் நல்லது, கட்டுரை அச்சுக்குப் போகிறது.