யுரேனைல் சல்பேட்டு: ஐந்தாவது ஆக்சிஜன் நீரா, ஹைட்ராக்சைடா?

செம்பூர் மாணவி: வணக்கம். மும்பையில் கனிம வேதியியல் ஆய்வு மாணவி நான். கையில் இருப்பது பொட்டாசியம் யுரேனைல் சல்பேட்டின் ஒற்றைப் படிகத்தில் எக்ஸ் கதிர் செலுத்தி எடுத்த தரவு. 1896இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்த உப்பு என்பதால் இதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். யுரேனியத்துக்கு மேலும் கீழும் 1.77 ஆங்ஸ்ட்ராமில் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) இரண்டு ஆக்சிஜன்கள், இவை மூன்றும் சேர்ந்ததுதான் யுரேனைல்; நடுத்தளத்தில் இன்னும் ஐந்து ஆக்சிஜன்கள். அந்த ஐந்தில் நான்கு சல்பேட்டுகளைச் சேர்ந்தவை, ஏறத்தாழ 2.38இல். ஐந்தாவது மட்டும் 2.42இல், கந்தகத்தோடு சேராமல் நிற்கிறது. அதன் ஹைட்ரஜன்கள் தெரியவே இல்லை. எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் யுரேனியத்திலிருந்து 0.8 தொலைவில் ஒரு மேடு மட்டும் போக மறுக்கிறது. ஆய்வகத்தில் ஹைட்ராக்சைடு என்கிறார்கள். எப்படி முடிவு செய்வது?

மாட்டுங்கா வாசகன்: அகச்சிவப்பு நிறமாலை எடுத்துப் பாருங்கள். 1,620 செ.மீ⁻¹ பக்கம் பட்டை இருந்தால் நீர்தான்.

அணுசக்தி நகர் அக்கா: தம்பி, அது போதாது. படிக இடைவெளியில் தங்கிய நீரும் அதே இடத்தில் பட்டை தரும். யுரேனியத்தோடு சேர்ந்தது எது என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.

மாணவி, முதலில் மின்சுமையை எண்ணு. உன் சூத்திரத்தில் இரண்டு பொட்டாசியம், ஒரு யுரேனைல், இரண்டு சல்பேட்டு இருந்தால் கணக்கு அங்கேயே சமமாகிவிட்டது. ஹைட்ராக்சைடு வந்தால் ஒரு எதிர்மின்சுமை மிஞ்சும். அடுத்து, பிணைப்பு இணைதிறனை, அதாவது பிணைப்பின் நீளத்திலிருந்து கணக்கிடும் அதன் வலிமையைக் கூட்டு; ஓர் ஆக்சிஜனுக்கு மொத்தம் இரண்டு வர வேண்டும். ஆறு இணைதிறன் யுரேனியத்துக்கு 2.051, 0.519 என்ற மாறிலிகளைப் போட்டால் 2.42 தொலைவுக்கு 0.49 வரும். பொட்டாசியம் ஒன்று பக்கத்தில் இருந்தாலும் 0.65ஐச் சுற்றித்தான் நிற்கும். மீதியை நிரப்ப இரண்டு ஹைட்ரஜன் வேண்டும், ஒன்று போதாது. சல்பேட்டு ஆக்சிஜனையும் இப்படிப் பார். யுரேனியத்திலிருந்து 0.53, 1.48 தொலைவிலுள்ள கந்தகத்திலிருந்து 1.48, ஆக மொத்தம் இரண்டு. அது நிறைந்துவிட்டது, அதற்கு ஹைட்ரஜன் தேவையில்லை. இந்தக் கூட்டலைச் செய்யாமல் யுரேனியம் போன்ற எந்த ஆக்டினைடு தனிமத்தின் படிக அமைப்பையும் நான் நம்புவதில்லை.

செம்பூர் மாணவி: நன்றி அக்கா. கூட்டிப் பார்த்தேன், யுரேனியத்தின் மொத்தம் 6.1 வருகிறது. அப்படியானால் அந்த மேடு?

அணுசக்தி நகர் அக்கா: ஹைட்ரஜன் அல்ல. 92 எலக்ட்ரான் கொண்ட அணுவின் பக்கத்தில், ஒரு ஆங்ஸ்ட்ராமுக்குள் எழும் மேடுகள் பெரும்பாலும் உறிஞ்சல் திருத்தத்தின், அதாவது படிகம் உறிஞ்சிக்கொள்ளும் எக்ஸ் கதிரைக் கணக்கில் சேர்க்கும் திருத்தத்தின், குறையால் வருபவை. படிகத்தின் முகங்களை அளந்து திருத்தத்தை மறுபடி செய், மேடு சுருங்கும். அங்கே அணு எதையும் வைத்துவிடாதே. ஹைட்ரஜனின் இடத்தை அதன் திசையிலிருந்து தேடு. சல்பேட்டில் யுரேனியத்தைத் தொடாத ஆக்சிஜன்கள்தான் ஹைட்ரஜன் பிணைப்புக்கு நல்ல ஏற்பிகள், 2.7 முதல் 2.9 தொலைவில் எது இருக்கிறது என்று பார். யுரேனைல் ஆக்சிஜன் அவ்வளவாக ஏற்காது. திசை தெரிந்ததும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் நீளத்தை 0.85இல் கட்டுப்படுத்தி வை.

மாட்டுங்கா வாசகன்: ஹைட்ரஜனை நேரடியாகவே பார்க்க வழி உண்டா?

அணுசக்தி நகர் அக்கா: நியூட்ரான் சிதறல். எக்ஸ் கதிருக்கு யுரேனியம் மலை, ஹைட்ரஜன் மணல். நியூட்ரானுக்கு அவ்வளவு வேறுபாடு இல்லை. அணு நியூட்ரானை எவ்வளவு சிதறடிக்கும் என்பதைச் சொல்லும் சிதறல் நீளம் யுரேனியத்துக்கு 8.4 ஃபெம்டோமீட்டர், ஹைட்ரஜனுடையது எதிர்க்குறியில் 3.7. வரைபடத்தில் ஹைட்ரஜன் பள்ளமாகத் தெரியும். 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா ஆராய்ச்சி அணு உலை டிராம்பேயில் உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் படிகம் மில்லிமீட்டர் அளவுக்கு வளர வேண்டும். கரைசலை மூடி, மெல்ல ஆவியாகவிட்டு வளர்த்துப் பார்.