ரேடியோஹெட்: பரணில் இருந்து இறக்கிய பாட்டுகளை எடுத்துவிட்டால் பிற்கால ஆல்பங்களில் மிச்சம் என்ன?

கேசட்காலம்:

கொஞ்சம் வம்பான கேள்விதான், அடிக்க வராதீர்கள். போன மாதம் முழுக்க வேலைக்குப் போகிற ரயிலில் ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் அந்த மினிடிஸ்க் (சின்ன ஒலித்தட்டு) பதிவுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 2019 ஜூனில் வெளியே கசிந்து, அப்புறம் அவர்களே பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் 18 பவுண்டுக்குப் போட்டார்களே, அதே 18 மணி நேர மூட்டை. பாதிக்கு மேல் சக்கை. பாடகர் தாம் யார்க் கிட்டாரை வைத்துக்கொண்டு வார்த்தை வராமல் முனகுவார், அது முடிந்தால் ஏதோ மேடைப் பதிவு, அதுவும் பாதியில் அறுந்துபோகும். ஆனால் திடீரென்று ஒரு பாட்டு வரும், சீட்டில் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

எனக்கு உறைத்தது அங்கேதான். 1995-லிருந்து 98 வரை, 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பக் காலத்துப் பதிவுகள் இவை. இதில் இருக்கிற பாட்டுகள் அடுத்த இருபது வருடம் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்திருக்கின்றன. 'மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ராக்' 2000-இல் 'கிட் ஏ' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாகிறது. 'நியூட்' 2007-இல் வருகிறது. 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' 95-இலேயே மேடையில் பாடியது, ஸ்டூடியோ பதிப்பு வருவதோ 2016-இல், 'எ மூன் ஷேப்ட் பூல்' ஆல்பத்தில். அதே ஆல்பத்தில் 'பர்ன் த விட்ச்' கிட் ஏ நாட்களில் தொடங்கியது, 'பிரசென்ட் டென்ஸ்' 2009-இல் யார்க் தனியாகப் பாடிக் காட்டியது, 'ஐடென்டிகிட்' 2012 சுற்றுப்பயணத்தில் வாசித்தது. அந்த 11 பாட்டு ஆல்பத்தில் உண்மையிலேயே புதிதாக எழுதியது எத்தனை? நல்ல ஆல்பம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டு எழுதும் ஊற்று 2000-க்கு அப்புறம் மெதுவாக வற்றிவிட்டது, பரணில் இருந்ததை இறக்கித் தூசி தட்டிக் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் தப்பா?

மழைக்கால_ரேடியோ:

தப்பு. வற்றியவர் 2022 மேயிலிருந்து 2024 அக்டோபருக்குள் மூன்று ஆல்பம் போடுவாரா? யார்க்கும் ரேடியோஹெட் கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட்டும் டிரம்ஸ்காரர் டாம் ஸ்கின்னரும் சேர்ந்து நடத்துகிற 'த ஸ்மைல்' குழு பக்கம் போய்ப் பாருங்கள். ரேடியோஹெட் என்று பெயர் போட்டு ஐந்து பேரும் உட்கார்ந்தால்தான் வண்டி நகர மாட்டேன் என்கிறது. அது வேறு நோய்.

கேசட்காலம்:

த ஸ்மைலின் அந்த முதல் ஆல்பத்தில் 'ஸ்கர்ட்டிங் ஆன் த சர்ஃபேஸ்' இருக்கிறதே, அதையும் 2012-இல் ரேடியோஹெட் மேடையில் வாசித்தார்கள். பரண் அங்கேயும் வந்துவிட்டது தலைவா.

நாலுதந்தி:

நான் பேஸ் வாசிப்பவன், பெரிய ஆள் இல்லை, வார இறுதியில் நண்பர்களோடு வாசிப்பதோடு சரி. எனக்கு இந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு தெரிகிறது. டெமோவில், அதாவது மாதிரிப் பதிவில், ஒரு மெட்டும் நாலு வரியும் இருந்தால் பாட்டு எழுதி முடிந்துவிட்டது, மிச்சம் வெறும் மேல்பூச்சு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். 'நியூட்' பாட்டையே பாருங்கள். பழைய பதிப்பில் ஆர்கன் பின்னால் இழுக்க, தாளம் நேர்கோட்டில் போகும், பாட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பத்து வருடம் அவர்களுக்கே தெரியவில்லை. அது வந்த 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தின் பதிவின்போது குழுவின் பேஸ்காரர் காலின் கிரீன்வுட் புதிதாக ஒரு பேஸ் வரி போட்டார், அது வந்த பிறகுதான் பாட்டு ஓடத் தொடங்கியது என்று தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சே சொல்லியிருக்கிறார்.

அந்த வரியை வாசித்துப் பார்த்தால் தெரியும். அதில் ஸ்வரங்கள் ஒன்றும் கஷ்டமில்லை. எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்பதுதான் கஷ்டம். ஆறு எண்ணிக்கையில் ஆடுகிற பாட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அவர் கொஞ்சம் தாமதித்து இறங்குவது மாதிரி இருக்கும், அந்த இடைவெளியில்தான் யார்க்கின் குரல் மிதக்கிறது. நான் முதலில் கை துறுதுறுத்து இடைவெளியை எல்லாம் நிரப்பி வாசித்தேன், பாட்டு செத்துப்போனது. அந்த ஒரு வரி எழுதுவதும் பாட்டு எழுதுவதுதானே? அதை 1997 கணக்கில் எழுதுவீர்களா, 2007 கணக்கிலா?

இன்னொன்று, இந்தப் பழக்கம் பிற்காலத்தில் வந்ததே இல்லை. 'கிட் ஏ'வில் உள்ள 'த நேஷனல் ஆன்தம்' பேஸ் வரி யார்க் 16 வயதில் எழுதியது. ஆல்பத்தில் அதை வாசித்ததும் அவர்தான், பாவம் காலின். அந்தப் பதினாறு வயசுப் பையனின் வரி மேல் பித்தளை ஊதுகருவிக்காரர்களை ஏற்றிவிட்டு, அவர்கள் முன்னால் குதித்துக் குதித்து நடத்தியதில் காலை உடைத்துக்கொண்டார் யார்க். அப்போது யாரும் ஊற்று வற்றிவிட்டது என்று சொல்லவில்லை.

லிஃப்ட்_ரசிகர்மன்றம்:

மன்றத்தின் பெயரைப் பார்த்தாலே நான் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். எல்லாரும் பழைய டெமோவை எடுத்துச் செதுக்கினால் சிலை ஆகிவிடும் என்று பேசுகிறீர்கள், செதுக்கிச் செதுக்கி மூக்கை உடைத்த கதையும் இருக்கிறது. 'லிஃப்ட்'. 1996-இல் அமெரிக்காவில் பாடகி அலானிஸ் மோரிசெட் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்தபோது இந்தப் பாட்டுக்குத்தான் கூட்டம் எழுந்து ஆடியது. மின்தூக்கியில் மாட்டிக்கொண்டவனை வெளியே எடுத்து, பயப்படாதே என்று உட்கார வைக்கிற பாட்டு, அதில் யார்க் தன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார். இதை ஓகே கம்ப்யூட்டரில் சேர்க்கவில்லை. ஏன் என்று குழுவின் இன்னொரு கிட்டார்காரர் எட் ஓ'பிரையன் 2017-இல் சொன்னார்: போட்டிருந்தால் இன்னும் நிறைய விற்றிருக்கும், ஆனால் அது எங்களைக் கொன்றிருக்கும், தெரியாமலேயே நாங்கள் அதைக் கொன்றுவிட்டோம் என்கிற தோரணையில். ஒரு பாட்டு ரொம்ப நன்றாக இருந்ததால் ஒளித்துவைத்த ஒரே குழு இவர்கள்தான்.

சரி, அதே வருடம் ஓகே கம்ப்யூட்டரின் 20-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிகாரபூர்வமாக விட்டார்கள். ஆசையாகக் கேட்டால் சப்பென்று இருந்தது. தூக்கக் கலக்கத்தில் பாடினது மாதிரி. இரண்டு வருடம் கழித்து மினிடிஸ்க் கசிந்தபோதுதான் தெரிந்தது, அவர்களிடமே இதைவிட நூறு மடங்கு உயிரான பதிப்பு இருந்திருக்கிறது, கிட்டார் கூரையைப் பிய்க்கிற பதிப்பு. அதைத் தேர்ந்தெடுக்கவில்லை! தங்கள் பாட்டில் எது நல்லது என்று தீர்மானிக்க இவர்களை விடக்கூடாது என்பது என் கட்சி.

கேசட்காலத்துக்கு ஒரு வார்த்தை: உங்கள் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பரணை அதிகம் தொடாமல், ஒலித்துண்டுகளை வெட்டிச் சுழலவிட்டுப் புது முறையில் செய்தது 2011-இன் 'த கிங் ஆஃப் லிம்ஸ்'. 8 பாட்டு, 37 நிமிடம். ரசிகர்கள் அதிகம் அடித்துக்கொண்டதும் அதற்குத்தான். (அதிலும் 'மார்னிங் மிஸ்டர் மேக்பை' பழசு, சொன்னால் இன்னொரு சண்டை வரும்.)

மழைக்கால_ரேடியோ:

கிங் ஆஃப் லிம்ஸ் பற்றி வாய் திறக்கும் முன் அவர்கள் 'ஃப்ரம் த பேஸ்மென்ட்' நிகழ்ச்சியில் நேரடியாக வாசித்ததைப் பாருங்கள். குழுவின் டிரம்ஸ்காரர் ஃபில் செல்வேயோடு இரண்டாவது டிரம்ஸுக்கு கிளைவ் டீமர். அதே பாட்டுகள்தான், ஆனால் ரத்தம் ஓடுகிறது. ஆல்பம் டெமோ மாதிரி இருக்கிறது, நேரடிப் பதிவு ஆல்பம் மாதிரி இருக்கிறது. வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அரைக்கட்டை:

எல்லாரும் ஜாலியாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் முறைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்த 18 டிஸ்க்கும் யாரோ திருடியது. ஒன்றரை லட்சம் டாலர் கேட்டார்கள் என்று ஜானியே எழுதினார். அவர்கள் காசும் கொடுக்காமல் சும்மாவும் இருக்காமல், தாங்களே வெளியிட்டு, வருமானத்தை எக்ஸ்டிங்ஷன் ரிபெல்லியன் என்ற சூழலியல் இயக்கத்துக்கு விட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நாம் கேட்பது ஒருவர் தனக்காக மட்டும் எடுத்துவைத்த குறிப்பு. வார்த்தை கிடைக்காமல் உளறுகிற இடத்தை எல்லாம் கேட்டுவிட்டு, இங்கே வந்து அவரிடம் சரக்கு இல்லை என்று தீர்ப்பு எழுதுவது எனக்கு ஒவ்வவில்லை. உங்கள் கைப்பேசியில் இருக்கிற குரல் பதிவுகளை 18 மணி நேரம் ஊருக்குப் போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்?

நானும் கேட்டேன். முழுக்க. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலுதந்தி:

அரைக்கட்டை சொல்வது நியாயம். ஆனால் அந்த உளறலில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. 'மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ராக்' பழைய பதிப்பில் இன்னொரு சரணம் இருக்கும். அழகான சரணம், எழுதினவனுக்கு வெட்ட மனசே வராது. கிட் ஏவில் அதைத் தூக்கிவிட்டார்கள். காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன், சரணம் வர வேண்டிய இடத்தில் ஹார்ப் கொட்டுகிறது, அவ்வளவுதான். மூச்சு வாங்குகிற அந்த ஆர்கனைக் கேட்டுவிட்டுப் பழைய சரணத்தை மனசுக்குள் பாடிப் பாருங்கள், இடம் இருக்காது.

வெயிலுகந்தான்:

நான் இந்தப் பக்கம் எழுதியே வருடமாகிறது. 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' என்று பார்த்ததும் வந்தேன்.

2001-இல் வந்த நேரடிப் பதிவுத் தட்டில் கடைசிப் பாட்டு அது, யார்க்கும் ஒரு கிட்டாரும் மட்டும். எங்கள் விடுதி அறையில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டோம். அப்போது எனக்கு அது காதலிக்கத் தொடங்குகிறவன் பாட்டு. எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கிறேன் என்று கிட்டாரை அடித்து, கத்தி, ஆணையிடுகிறான். போகாதே என்பதுகூட அவள் போகமாட்டாள் என்ற தைரியத்தில் சொல்வது.

2016-இல் அதே வார்த்தைகள். கிட்டார் இல்லை. ஒரு பியானோ, சில ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப. போகப் போக அதன் மேல் இன்னொரு பியானோ வந்து விழும், இரண்டும் ஒரே அடியில் சேராது, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். குரலில் ஆணை போய்விட்டது. 23 வருடம் கூட வாழ்ந்தவரைப் பிரிந்துவிட்டதாக யார்க் அறிவித்தது 2015-இல், அதைத் தெரிந்துகொண்டு கேட்கிறோம் என்பதும் இருக்கலாம், ஆனால் தெரியாதவனுக்குப் போட்டுக் காட்டினேன், என் தம்பிக்கு, அவனும் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான். போகாதே என்று சொல்கிறவனுக்கு, அவள் எப்போதோ போய்விட்டாள் என்று தெரிந்திருக்கிறது. ஒரு எழுத்தை மாற்றவில்லை. 95-இல் இப்படிப் பாடியிருக்க முடியாது, அந்த ஆளுக்கு அப்போது 27 வயது. இதைப் பரணில் இருந்து இறக்கினது என்று சொன்னால் இறக்கினதுதான், கேசட்காலம். எனக்கு வாதாட வரவில்லை.

கேசட்காலம்:

வெயிலுகந்தானுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் காலையிலிருந்து சும்மா இருந்தேன். 'நியூட்', 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' இரண்டிலும் என் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். 'பர்ன் த விட்ச்' விஷயத்தில் மாட்டேன். வயலின்காரர்கள் வில்லை வைத்துவிட்டு கிட்டார் பிளெக்ட்ரமால் தந்தியைத் தட்டுகிறார்கள், பிரமாதம், ஆனால் அந்தத் தட்டலை எடுத்துவிட்டால் உள்ளே பாட்டு மெலிசு. அது பதினைந்து வருடம் கிடந்ததில் ஊறவில்லை, காய்ந்துதான் போயிருக்கிறது.

நாலுதந்தி:

அந்தத் தட்டல்தான் பாட்டு என்று நான் ஆரம்பித்தால் விடிந்துவிடும். அதற்குப் பதில் ஒன்று கேளுங்கள். 2001-இல் வந்த 'அம்னீசியாக்' ஆல்பத்தில் 'பல்க் புல் ரிவால்விங் டோர்ஸ்' என்று ஒன்று இருக்கும், இயந்திரம் உருளுகிற சத்தம், முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போய்விடுவோம். ஓகே கம்ப்யூட்டர் நாட்களில் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' பாட்டை எப்படியாவது பதிய முயன்றபோது செய்த ஒலித்துண்டுகள் அவை. 2021-இல் வந்த 'கிட் ஏ ம்னீசியா' தொகுப்பில் அந்த உருளல் மேலேயே பாட்டைப் பாடியது இருக்கிறது. இத்தனை வருடம் நாம் தாண்டித் தாண்டிப் போன சத்தத்துக்குள் அது இருந்திருக்கிறது.

கேசட்காலம்:

நாளைக்கு ரயிலில் கேட்கிறேன். அரைக்கட்டை, இது அவர்களே வெளியிட்டது, முறைக்காதீர்கள்.